செய்தி எழுத வரவில்லையா, சேகரிக்க வரவில்லையா?

தென்காசி மாவட்டத்திலிருந்து இதழியல் முதலாண்டு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகஸ்ட் 15 அன்று சொந்த ஊரின் கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் ஒரு செய்தியும், ஊராட்சித் தலைவரிடம் ஒரு பேட்டியும் எடுத்து வரக் கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். "இது செய்தி இல்லை" என்று செய்தியை ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேட்டியில் தலைவர், "எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்கு" என்று ஐந்தே நிமிடத்தில் எழுந்துவிட்டார். "எனக்கு எழுத வரவில்லையா, இல்லை இந்தத் துறையே எனக்குச் சரிப்படாதா? அடிப்படையை எங்கிருந்து தொடங்குவது?" என்பது கேள்வி. எழுதிய செய்தியின் முதல் பத்தியையும் இணைத்திருக்கிறார்:

"சுதந்திர தினத்தை முன்னிட்டு எங்கள் ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம் சிறப்பாக நடைபெற்றது. இதில் ஏராளமான பொதுமக்கள் கலந்துகொண்டனர். குடிநீர் உள்ளிட்ட பல்வேறு பிரச்சினைகள் குறித்து விவாதிக்கப்பட்டது. விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும் என்று உறுதியளிக்கப்பட்டது."

மாவட்ட நிருபராகப் பல ஆண்டுகள் ஓடி, இப்போது பயிற்சி நிருபர்களின் பிரதிகளைப் படித்துத் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் தமிழில் குறை ஒன்றும் இல்லை. பிழையில்லாமல் எழுதுகிறீர்கள். இந்தப் பத்தி தோற்றது மேசையில் உட்கார்ந்து எழுதியபோது அல்ல. கூட்டம் நடந்த திடலிலேயே தோற்றுவிட்டது. இளம் நிருபர்களில் பெரும்பாலோர் எழுத்துக் கோளாறு என்று நினைத்து வருந்துவது உண்மையில் சேகரிப்புக் கோளாறு. குறிப்பேட்டில் விவரம் இல்லாதபோது கை தானாகப் பொதுச்சொற்களைத் தேடும்.

உங்கள் பத்தியையே எடுத்துக்கொள்வோம். "சிறப்பாக", "ஏராளமான", "பல்வேறு", "விவாதிக்கப்பட்டது", "விரைவில்", "உறுதியளிக்கப்பட்டது". இந்த ஆறு சொற்களும் ஆறு விவரங்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

"ஏராளமான" என்பதை முதலில் பார்ப்போம். எத்தனை பேர்? கிராம சபையில் இது சம்பிரதாயத்துக்குக் கேட்கிற கேள்வி இல்லை. தமிழ்நாட்டில் கிராம சபைக்குக் குறைந்தபட்ச வருகை என்று ஒரு வரம்பு உண்டு. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எண்ணியபோது 120 தலைகள்தான் இருந்தன, வருகைப் பதிவேட்டில் 210 கையெழுத்து இருக்கிறது என்றால், அன்றைய தலைப்புச் செய்தி அதுவாகவே இருக்கலாம். எண்ணாமல் போனதால் அந்தச் செய்தி உங்கள் கண்ணெதிரே இருந்தும் இல்லாமல் போயிருக்கும். எண்ணுவது கடினமும் இல்லை. பந்தலில் ஒரு வரிசையில் எத்தனை பேர், எத்தனை வரிசை, ஓரமாக நிற்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் போதும். கூட்டம் தொடங்கும்போது ஒரு முறை, நடுவில் ஒரு முறை, முடியும்போது ஒரு முறை எண்ணி, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே பதிவேட்டுக்கும் உங்கள் கணக்கிற்கும் வித்தியாசம் இருந்தால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு ஊராட்சிச் செயலரிடம் விளக்கம் கேளுங்கள்.

அடுத்தது "குடிநீர் உள்ளிட்ட பல்வேறு பிரச்சினைகள்". உங்கள் செய்தியின் உயிர் இந்த வரிக்குள் புதைந்து கிடக்கிறது. குடிநீரைப் பற்றிப் பேசியவர் யார், எந்தத் தெரு? தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, வந்தால் எத்தனை குடம்? எப்போதிலிருந்து இப்படி? காரணமாகச் சொல்லப்படுவது மோட்டாரா, ஆழ்துளைக் கிணறு வற்றியதா, குழாய் உடைப்பா? இதற்கு முன் மனு கொடுத்திருக்கிறார்களா, கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா?

இதில் ஒரு சிறிய கணக்கும் இருக்கிறது. வீட்டுக்கு வீடு குழாயில் குடிநீர் தர 2019-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீடுகளுக்கு வைத்திருக்கும் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஒரு பகுதியில் 1,800 பேர் இருந்தால் நாளொன்றுக்கு 99,000 லிட்டர் வேண்டும். அந்தப் பகுதிக்கான மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் என்றால் ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் நிரப்பினால்தான் போதுமானதாக இருக்கும். தொட்டியின் கொள்ளளவைப் பெரும்பாலும் அதன் மேலேயே எழுதியிருப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை நிரப்புகிறார் என்பது தொட்டி இயக்குபவருக்குத் தெரியும். கூட்டத்தில் மைக் பிடித்த யாரும் சொல்லாத செய்தி ஒன்று, கூட்டம் முடிந்ததும் அவரிடம் பத்து நிமிடம் நின்று பேசினால் கிடைத்துவிடும். மேடையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நிருபருக்கு மேடையில் சொன்னது மட்டும்தான் கிடைக்கும்.

"விவாதிக்கப்பட்டது", "உறுதியளிக்கப்பட்டது" என்ற இரண்டு சொற்களும் இதைவிட ஆபத்தானவை. உறுதியளித்தது யார்? தலைவரா, கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய அலுவலரான பற்றாளரா, வட்டார வளர்ச்சி அலுவலரா? தீர்மானமாக எழுதினார்களா, வாயால் சொல்லிவிட்டுப் போனார்களா? தீர்மானம் என்றால் அதற்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் நாளைக்கு அதைப் பற்றிக் கேட்க முடியும். "உறுதியளிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை.

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவற்றோடு ஏழாவதாக ஒன்றையும் நான் எப்போதும் சேர்த்துச் சொல்வேன்: இது எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வரியையும் எழுதும்போது இந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். மூன்று விதமான பதில்கள்தான் உண்டு. நானே பார்த்தேன், ஒருவர் சொன்னார், ஆவணத்தில் இருக்கிறது. குறிப்பேட்டின் ஓரத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே "பா", "சொ", "ஆ" என்று ஓர் எழுத்தைப் போட்டுப் பழகுங்கள். சில வாரங்களில் உங்கள் கண்ணே மாறிவிடும். "மோட்டார் ஜூன் மாதம் பழுதாகிவிட்டது" என்ற குறிப்புக்கு எதிரே "சொ" என்று இருந்தால், சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்ற அடுத்த கேள்வி தானாக வரும். பழுது நீக்கிய பில் ஊராட்சியில் இருந்தால் அது "ஆ" ஆகிவிடும். அப்போது "ஜூன் மாதம் பழுதானது" என்று உங்கள் பொறுப்பிலேயே எழுதலாம். அதுவரை "பழுதானதாக இன்னார் கூறினார்" என்றுதான் எழுத வேண்டும்.

தமிழ்ச் செய்திகளில் மிக அதிகமாகத் தப்பித்துக்கொள்ளப் பயன்படுவது "கூறப்படுகிறது", "தெரிகிறது", "சொல்லப்படுகிறது" என்ற முடிவுகள். யார் சொன்னது என்பது இல்லாமலேயே வாக்கியம் முழுமை பெற்றுவிடுகிறது. படிப்பவருக்கும் நெருடாது. ஆனால் பக்கத்து வீட்டு வம்புக்கும் செய்திக்கும் இடையிலுள்ள கோடு அந்த இடத்தில் அழிந்துவிடுகிறது. மூத்த நிருபர்கள் சிலர் இதைத் தாராளமாகப் பயன்படுத்துவதை நீங்கள் பார்ப்பீர்கள். பயிற்சிக் காலத்தில் நீங்கள் இதை அறவே தொடாதீர்கள். பெயர் சொல்ல முடியாத நிலை ஒருவருக்கு உண்மையிலேயே இருந்தால், "இந்தத் திட்டத்தில் பணிபுரியும், பெயர் வெளியிட விரும்பாத ஊழியர் ஒருவர்" என்று, ஆளைக் காட்டிக்கொடுக்காத அளவுக்கு இடத்தையாவது சொல்லுங்கள்.

இப்போது அதே செய்தியின் தொடக்கம் எப்படி இருக்கலாம் என்று பாருங்கள். விவரங்கள் மாதிரிக்காக நான் போட்டவை, உங்கள் ஊரின் உண்மை விவரங்களை நீங்கள் நிரப்பிக்கொள்ள வேண்டும்:

"நான்கு நாளைக்கு ஒரு முறைதான் குடிநீர் வருகிறது என்று கிழக்குத் தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமை நடந்த கிராம சபைக் கூட்டத்தில் புகார் கூறினர். ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் ஜூன் மாதம் பழுதானதே காரணம் என்று ஊராட்சிச் செயலர் பதிலளித்தார். புதிய மோட்டார் வாங்கத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது."

சுதந்திர தினம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். அது மூன்றாவது நான்காவது பத்தியில் வரட்டும். கூட்டம் நடந்தது என்பது செய்தி அல்ல. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை, நாள் குறித்து நடக்கிறது. நடக்காமல் போனால்தான் அது செய்தி. நடந்த கூட்டத்தில் என்ன மாறியது, என்ன வெளிப்பட்டது என்பதை முதல் வாக்கியத்துக்குக் கொண்டு வாருங்கள். முக்கியமானதை மேலே வைத்து, குறைவானதைக் கீழே தள்ளும் இந்த அமைப்பைத்தான் தலைகீழ்ப் பிரமிடு என்கிறார்கள். அச்சில் இடம் போதாவிட்டால் டெஸ்க்கில் பிரதியைத் திருத்துகிறவர் கடைசியிலிருந்து வெட்டிக்கொண்டு வருவார். கைப்பேசியில் படிப்பவரும் முதல் இரண்டு வரியோடு நகர்ந்துவிடுவார். இரண்டு பேருக்கும் ஒரே அமைப்பு பொருந்துகிறது.

தமிழில் இதற்குக் கூடுதலாக ஒரு கவனம் வேண்டும். வினைமுற்று கடைசியில் வருவதால், "ஐ முன்னிட்டு", "இல் நடைபெற்ற", "தலைமையில் கூடிய", "கலந்துகொண்ட" என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய், என்ன நடந்தது என்பதை முப்பதாவது சொல்லில் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை மூன்று வாக்கியமாக உடையுங்கள். 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற சிறு வாக்கியம் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் கேட்டுப் புரிந்துகொள்ளும் தமிழ் அது. இன்றைக்கும் அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. எழுதியதை வீட்டில் பாட்டியிடம் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். எங்கே "என்னது?" என்று கேட்கிறாரோ அங்கே வாக்கியத்தை உடைக்க வேண்டும்.

இனி பேட்டிக்கு வருகிறேன். உங்களுக்கு அதிகம் வலித்தது இதுதான் என்று தெரிகிறது.

தலைவரிடம் நீங்கள் கேட்ட கேள்விகளையும் எழுதியிருந்தீர்கள்: "ஊராட்சிப் பணிகள் எப்படி நடக்கின்றன?", "மக்கள் திருப்தியாக இருக்கிறார்களா?", "குடிநீர்ப் பிரச்சினை சரியாகிவிடுமா?" முதல் கேள்வி, "நல்லா நடக்கு" என்ற பதிலைத் தவிர வேறொன்றுக்கும் இடம் தரவில்லை. மற்ற இரண்டும் "ஆமா"வில் முடிகின்றன. அவர் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் திறந்த கதவு அவ்வளவு குறுகலாக இருந்தது.

தயாரிப்பு இல்லாதவரிடம் யாரும் மனம் விட்டுப் பேசுவதில்லை. பேட்டிக்கு முன்பே தொட்டியின் கொள்ளளவும், கிழக்குத் தெருவில் எத்தனை வீடு என்பதும், மோட்டார் எப்போது பழுதானது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் கேள்வி இப்படி இருந்திருக்கும்: "ஜூன்ல மோட்டார் பழுதானதுன்னு செயலர் சொன்னாரு. அது தெரிஞ்ச அன்னைக்கு நீங்க முதல்ல என்ன செஞ்சீங்க?" இதற்கு "ஆமா" என்று பதில் சொல்ல முடியாது. அவர் ஒரு நாளை நினைவுபடுத்திப் பேசியாக வேண்டும். நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்வதைப் போல் பலன் தரும் உத்தி வேறில்லை. "அப்புறம் என்ன ஆச்சு?", "யாருகிட்ட பேசினீங்க?", "அவங்க என்ன சொன்னாங்க?", "அந்தக் கடிதம் இருக்கா, பார்க்கலாமா?" கருத்தைக் கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். நடந்ததைக் கேட்டால் ஆட்களும் தேதிகளும் பணமும் கடிதங்களும் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்று அவரே சொல்லக்கூடும். பிறகு உங்கள் அடுத்த பேட்டி யாரிடம் என்பதும் தெரிந்துவிடும்.

அதே நேரத்தில், ஆமா இல்லை என்று முடிகிற கேள்வி எப்போதும் தவறு என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கும் ஓர் இடம் உண்டு. 1997-ல் பி.பி.சி.யின் நியூஸ்நைட் நிகழ்ச்சியில் பேட்டியாளர் ஜெரமி பாக்ஸ்மன், பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பத்து முறைக்கு மேல் திரும்பத் திரும்பக் கேட்டார். சிறைத்துறைத் தலைவரின் முடிவை மீறப்போவதாக அவரை மிரட்டினீர்களா என்பது கேள்வி. ஹோவர்ட் நேராகப் பதில் சொல்லவே இல்லை. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்துவதுதான் பேட்டி என்று நினைக்கிற மாணவர்கள் நிறைய. அதில் கற்க வேண்டியது வேறு. கேள்வி ஒரே ஒரு குறிப்பிட்ட செயலைப் பற்றியது, பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இருந்தது, பதில் வராதபோது கேட்டவர் விடவில்லை. அதிகாரத்தில் இருப்பவரிடம், விவரங்களெல்லாம் கையில் வந்த பிறகு, கடைசியாக அப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாம். தண்ணீர் வராத வீட்டுப் பெண்ணிடம் அந்தத் தொனியில் கேட்க உங்களுக்கு உரிமை கிடையாது.

கேள்விப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்கும் பழக்கத்தை முதல் பேட்டியிலிருந்தே விடுங்கள். பட்டியல் வேண்டும், ஆனால் அது பையில் இருக்கட்டும். கேட்க வேண்டியவற்றை மனதில் பதித்துக்கொண்டு போய், கிளம்புவதற்கு முன் ஒரு தடவை எடுத்துப் பார்த்து, விட்டுப்போனதைக் கேளுங்கள். அடுத்த கேள்வியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பவர் இப்போதைய பதிலைக் கேட்பதில்லை. "எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்கு, அந்த ஒப்பந்தக்காரர் விஷயம் தவிர" என்று ஒருவர் சொல்ல, நிருபர் தலையாட்டிவிட்டு "அடுத்து, சாலை வசதி எப்படி?" என்று கேட்ட குறிப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. படிக்கும்போது எனக்கு மனசு பதறும். ஒப்பந்தக்காரரைப் பற்றி அவர் சொல்லத் தயாராக இருந்த அந்த நிமிடம் இனி வராது.

பதில் முடிந்ததும் சில விநாடி பேசாமல் இருந்து பாருங்கள். குறிப்பெடுப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாலும் சரிதான். நம் ஊரில் மௌனத்தைத் தாங்க மாட்டார்கள், எதிரில் இருப்பவர் அதை நிரப்ப எதையாவது சொல்வார். பல நேரங்களில் பேட்டியின் சாரம் அந்த உபரி வரியில்தான் இருக்கும். குறிப்பேட்டை மூடிக் கிளம்பும்போதும் இப்படி ஒன்று வரும். அதைச் செய்தியில் பயன்படுத்துவதாக இருந்தால், "இப்ப சொன்னதையும் எழுதிக்கிறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

ஆஃப் த ரெக்கார்ட், அதாவது எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு சொல்லப்படுவது பற்றி வகுப்பில் விரிவாகச் சொல்ல மாட்டார்கள், களத்தில் முதல் நாளே வரும். "தங்கச்சி, இத எழுதிறாதீங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டு ஒரு விஷயத்தைச் சொன்னால், நீங்கள் சம்மதித்துக் கேட்ட பிறகு அதை அவர் பெயரில் எழுதக் கூடாது. சம்மதிக்காவிட்டால் அவர் சொல்வதற்கு முன்பே, "அப்படின்னா சொல்லாதீங்க அண்ணாச்சி, நான் வேற வழியில கேட்டுக்கிறேன்" என்று நிறுத்திவிடுங்கள். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு "இதெல்லாம் எழுதக் கூடாது" என்று ஒரு அதிகாரி சொன்னால், அது பேச்சுவார்த்தைக்கு உரியது. அவர் விவரம் தெரிந்தவர், உங்களை நிருபர் என்று தெரிந்தே பேசினார். அதையே முன்பின் பத்திரிகை பார்த்தறியாத ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி சொன்னால், நான் அவர் பக்கம்தான் நிற்பேன். தன் பெயரும் சொல்லும் அச்சில் வந்தால் நாளைக்கு வேலை கிடைக்குமா என்பது அவருக்குத்தான் தெரியும். பேட்டிக்கு முன்பே, "நான் இன்னார், இதுக்காக எழுதறேன், நீங்க சொல்றது உங்க பேரோட வரலாம்" என்று சொல்வது உங்கள் கடமை. ஒலிப்பதிவு செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கையாலும் குறியுங்கள். கைப்பேசியில் சார்ஜ் போய்விட்டது என்பதை எந்த ஆசிரியரும் காரணமாக ஏற்க மாட்டார்.

பெயர்களில் மிகுந்த கவனம் வேண்டும். தலைப்பெழுத்து, வயது, தெரு, வேலை ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, பெயரை நீங்கள் எழுதியபடியே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அல்லது அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். ஒரே ஊரில் ஒரே குலசாமிப் பெயரில் இருபது பேர் இருப்பது தென் மாவட்டங்களில் சாதாரணம். அடிதடிச் செய்தி ஒன்றில் தலைப்பெழுத்து மாறினால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் மகளுக்குப் பேசிவைத்த சம்பந்தம் நின்றுபோகும். இந்தத் தொழிலில் எழுத்துப்பிழைக்கு அவ்வளவு விலை உண்டு.

பேட்டி கொடுத்தவரின் சொற்களை எந்தத் தமிழில் எழுதுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. நம் பத்திரிகைகளில் ஆட்சியர் பேசினால் "நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது" என்று செந்தமிழ் வரும். கிழக்குத் தெருப் பெண் பேசினால் "தண்ணி வர மாட்டேங்கு சார்" என்று பேச்சுத்தமிழ் வரும். ஆட்சியரும் வீட்டில் அப்படித்தான் பேசுவார், உங்களிடமும் ஏறக்குறைய அப்படித்தான் பேசியிருப்பார். ஒருவரைத் திருத்தி, இன்னொருவரைத் திருத்தாமல் விட்டால், யாருக்குப் படிப்பு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று செய்தி மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. ஒன்று, இரண்டு பேரையும் பேச்சுத்தமிழில் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டு பேரையும் எளிய எழுத்துத்தமிழில் எழுதுங்கள். விகுதியிலும் அப்படித்தான். அதிகாரிக்கு "கூறினார்" என்றால், கூலி வேலை செய்பவருக்கும் "கூறினார்"தான். கைதானவரை "அவன்" என்று எழுதும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன் அந்த ஒரு விகுதியால் நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நேரில் பேசும்போது உங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி, அக்கா, ஐயா, அம்மா என்று அழையுங்கள், நெருக்கம் கிடைக்கும். செய்தியில் அந்த உறவு வேண்டாம்.

ஒரு புகார் வந்தால், புகாருக்கு ஆளானவரின் பதிலை வாங்காமல் செய்தி போகக் கூடாது. செய்தி அறையில் இதை வெர்ஷன் வாங்குவது என்போம். ஒரே ஒரு முறை போன் செய்துவிட்டு "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று எழுதுவது வெர்ஷன் வாங்கியது ஆகாது. குற்றச்சாட்டு என்ன என்பதைத் தெளிவாக எழுதி அனுப்பி, பதில் சொல்ல நியாயமான நேரம் கொடுங்கள். அவர் பதில் உங்கள் செய்தியையே மாற்றிவிடலாம். மாறினால் நல்லதுதான், தவறான செய்தி ஒன்று வெளியே போகாமல் நின்றது.

துயரத்தில் இருப்பவர்களிடம் பேச வேண்டிய நாள் சீக்கிரமே வரும். விபத்து, கொலை, தற்கொலை எதுவானாலும் அந்த வீட்டில் முதலில் ஒரு மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ வெளியே நிற்பார். அவரிடம் பேசி, வீட்டார் பேச விரும்புகிறார்களா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். "இப்போ உங்க மனநிலை எப்படி இருக்கு?" என்ற கேள்வியை வாழ்நாளில் ஒரு முறையும் கேட்காதீர்கள். இறந்தவரைப் பற்றிக் கேளுங்கள், என்ன வேலை செய்தார், எதில் பிரியம் என்று. அவர்களுக்குப் பேச வேண்டும் என்று இருந்தால் அதைப் பற்றித்தான் பேச நினைப்பார்கள். தற்கொலைச் செய்தியில் முறையை விவரிப்பதும், ஒரே காரணத்தைச் சொல்லி முடிப்பதும், தலைப்பில் பரபரப்பாக்குவதும் கூடாது என்று இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலை ஒட்டி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது சட்டப்படி குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் இருக்கிறது. குழந்தைகள் என்றால் 2012-ன் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு. பெயரை மட்டும் மறைத்துவிட்டு, பள்ளி, தெரு, தந்தையின் தொழில் மூன்றையும் எழுதினாலும் ஊருக்கே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதுவும் அடையாளம் காட்டியதுதான்.

பயிற்சிக்கு எங்கே போவது என்றும் கேட்டிருந்தீர்கள். கல்லூரி கொடுக்கும் பாடம் ஒரு பக்கம் இருக்கட்டும். திங்கள்கிழமை காலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்களிடம், "என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்று கேளுங்கள். மாவட்டத்தில் அதற்கு இணையான செய்திக் களம் வேறு இல்லை. பல பேர் இதே மனுவோடு முன்பும் வந்திருப்பார்கள், பழைய ரசீதுகளைக் கையிலேயே வைத்திருப்பார்கள். ஒரே மாதிரி மனு மூன்று ஊர்களிலிருந்து வந்திருந்தால் அது தனி மனிதர் பிரச்சினையாக இல்லாமல் செய்தியாகிவிட்டது. இரண்டாவதாக, ஒரே நிகழ்ச்சியை மூன்று நாளிதழ்கள் எப்படித் தொடங்கியிருக்கின்றன என்று அருகருகே வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் அருகில், இது இந்த நிருபருக்கு எப்படித் தெரிந்தது என்று பென்சிலால் எழுதுங்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய பாரி (PARI) இணையதளத்தில் கிராமப்புறக் கட்டுரைகள் தமிழிலும் கிடைக்கின்றன. ஒரு தொழிலாளியின் ஒரு நாளை, கூலிக் கணக்கோடும் நடந்த தூரத்தோடும் எப்படிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்பதை அவற்றில் கவனியுங்கள். அந்த விவரங்கள் தானாக வந்திருக்காது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கேள்வி இருந்திருக்கிறது. அது என்ன கேள்வியாக இருந்திருக்கும் என்று ஊகித்து எழுதிப் பாருங்கள்.

உங்கள் துறை உங்களுக்குச் சரிப்படுமா என்ற கேள்விக்கு இந்த ஒரு பிரதியை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. இந்தச் செய்தியை இரண்டாம் முறை எழுதுவது மட்டும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தீர்மானப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில், 10 ரூபாய் கட்டணத்தோடு, தீர்மான நகலும் மோட்டார் பழுதுநீக்கச் செலவு விவரமும் கேட்டு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு மனுவில் நாலைந்து குறிப்பிட்ட ஆவணங்களைக் கேளுங்கள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். தலைவரிடம் மறுபடி நேரம் வாங்குங்கள். முதல் தடவை ஐந்து நிமிடத்தில் எழுந்தவர், தேதியும் தொட்டியின் அளவும் தெரிந்து வருகிறவரிடம் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவார், உட்காராவிட்டால் அவர் எந்தக் கேள்வியில் எழுந்தார் என்பதை எழுதலாம்.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2 அன்று. பழைய தீர்மானத்தின் எண்ணும் தேதியும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்பே போய், கிழக்குத் தெருவில் அன்று காலை தண்ணீர் வந்ததா என்று பார்த்துவிட்டுப் பந்தலுக்குள் போங்கள்.